1754 என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் மாதம் சென்னை தினம் வந்தால் ஒரு படமும் கூடவே வந்துவிடும். நாளிதழ் இணைப்பிலும் நாட்காட்டியிலும் பழமை மணக்கச் சோடித்த உணவகச் சுவரிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் கடல், அதில் பாய்மரக் கப்பல்கள். அவற்றுக்கு அப்பால் நீரை ஒட்டி ஒரு நீண்ட மதில். மதிலுக்குள் உயர்ந்து நிற்கும் மாளிகை, கொடிமரம், தேவாலயத்தின் ஊசிக்கோபுரம். அடியில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘1754இல் சென்னை’.

படம் போலியல்ல. யான் வான் ரைன் என்ற டச்சு நாட்டவர் வரைந்து செதுக்க, ராபர்ட் சேயர் என்ற பதிப்பாளர் லண்டன் ஃபிளீட் தெருவில் இருந்த தம் கடையில் விற்றது அது. மூலத் தலைப்பு, சோழமண்டலக் கரையில் இங்கிலாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான புனித ஜார்ஜ் கோட்டை என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அறிவிக்கிறது. 1754 என்ற ஆண்டும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. கோளாறு படத்தில் இல்லை, நாம் கீழே சேர்க்கும் வரியில் இருக்கிறது. அந்த ஆண்டு ஒரு தகடு விற்பனைக்கு வந்த ஆண்டு. அதில் தெரியும் ஊர் அந்த ஆண்டின் ஊர் அல்ல. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓடியிருந்தது. அந்த இடைவெளியில்தான் சென்னையின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றில் மிகப் பெரிய உடைப்பு நிகழ்ந்தது.

அன்றைய நகரக் காட்சிப் படங்கள் எப்படி உருவாயின என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வியப்பளிக்காது. புகைப்படத்தில் பார்ப்பவரும் பதிபவரும் ஒருவரே. செதுக்கோவியத்தில் அப்படியில்லை. ஒருவர் இடத்தில் நின்று குறிப்புப்படம் எழுதுவார். அது கப்பலேறி ஐந்தாறு மாதம் பயணம் செய்து ஐரோப்பா போகும். அங்கே ஓர் ஓவியர் அதைப் பெரிதாக்கி, வானமும் மேகமும் சேர்த்துத் தீட்டுவார். இன்னொருவர் அதைப் பார்த்துச் செப்புத் தகட்டில் உளியாலும் அமிலத்தாலும் கோடு போடுவார். பதிப்பாளர் தலைப்பையும் ஆண்டையும் பொறிக்கச் சொல்வார். வண்ணம் தீட்டக் கூலியாட்கள் தனி. இப்படிப் பல கை மாறிய ஒரு தாளை எடுத்துக்கொண்டு ‘இதை எப்போது வரைந்தார்கள்?’ என்று கேட்டால் பதில் ஒன்றாக இருக்க முடியாது.

வான் ரைன் லண்டனில் இருந்துகொண்டு தொழில் செய்தவர். அதே ஆண்டில் பம்பாய், வங்காளத்து வில்லியம் கோட்டை, செயின்ட் ஹெலினா தீவு, நன்னம்பிக்கை முனை, பத்தாவியா ஆகியவற்றின் காட்சிகளும் அவர் பெயரில் வெளிவந்தன. இத்தனை ஊர்களையும் ஒருவர் நேரில் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஆண்டில் தகடாக்கித் தந்தார் என்று நம்ப வேண்டியதில்லை. அவருக்கு முன்மாதிரிகள் தயாராக இருந்தன. அந்த முன்மாதிரிகளைத் தேடிப் போனால் லண்டனிலேயே வேறொரு தெருவுக்குப் போய்ச் சேருவோம்.

லெடன்ஹால் தெருவில் கம்பெனியின் தலைமையகம் 1720களின் கடைசியில் புதிதாகக் கட்டப்பட்டது. இயக்குநர்கள் கூடிப் பேசும் மண்டபத்தைச் சோடிக்க வேண்டியிருந்தது. கணப்படுப்பின் மேலே மைக்கேல் ரிஸ்பிராக் என்ற சிற்பி பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம் செய்து தந்தார். அதில் பிரிட்டானியா அமர்ந்திருக்க, கிழக்கு நாடுகள் தங்கள் செல்வத்தைக் கொண்டுவந்து அவள் முன் வைக்கின்றன. சுவர்களுக்கு ஆறு எண்ணெய் ஓவியங்கள் வேண்டும் என்று முடிவாயிற்று. நிலக்காட்சி ஓவியர் ஜார்ஜ் லாம்பர்ட்டும் கடற்காட்சி ஓவியர் சாமுவேல் ஸ்காட்டும் அவற்றைச் சேர்ந்து வரைந்தார்கள். கரையும் கட்டடமும் லாம்பர்ட் கை, கப்பலும் அலையும் ஸ்காட் கை. 1732 நவம்பரில் ஆறு படங்களுக்கும் சேர்த்து 94 பவுன் 10 ஷில்லிங் கொடுத்ததாகக் கம்பெனிக் கணக்கில் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை, வில்லியம் கோட்டை, பம்பாய், தலைச்சேரி, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை என்பவையே அந்த ஆறு. சில ஆண்டுகளுக்குள் ஜெரார்ட் வாண்டர்குக்ட் போன்றவர்கள் அவற்றைச் செதுக்கி அச்சிட, மண்டபச் சுவரில் இருந்த காட்சிகள் கடைத்தெருவுக்கு வந்தன.

இந்தப் பட்டியலில் ஓர் உறுத்தல் உண்டு. நன்னம்பிக்கை முனை அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தது. கம்பெனியின் உடைமைகளைக் காட்டத்தான் இந்த வரிசை என்றால் அதற்கு இங்கே என்ன வேலை? ஆறையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். லண்டனிலிருந்து புறப்படும் கப்பல் தண்ணீருக்கும் காய்கறிக்கும் ஒதுங்கும் இடங்களும், சரக்கு ஏற்றும் இடங்களும் வரிசையாக வரும். நாடுகளின் படமாக அல்ல, ஒரு வியாபாரப் பாதையின் படமாகவே இயக்குநர்கள் இவற்றைச் சுவரில் மாட்டினார்கள். ஆறு காட்சிகளிலும் கப்பல்கள் முன்னணியில் நிற்பதற்கும் காரணம் இதுதான். அவர்கள் பணம் மிதந்தது கப்பலில். கோட்டை, அந்தக் கப்பல் போய்ச் சேரும் கிடங்கு.

லாம்பர்ட் லண்டன் நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை எழுதியவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கிலும் பிறகு காவென்ட் கார்டனிலும் அவர் வேலை பார்த்தார். கோட்டைப் படத்தின் அமைப்பைப் பார்க்கும்போது அந்தப் பழக்கம் பளிச்சென்று தெரிகிறது. கப்பல்கள் அரங்கின் பக்கத்தட்டிகளாக நிற்க, இடையில் திறந்த வெளி, அதற்குப் பின்னால் நேர்முகமாகக் கோட்டை. கோட்டையைச் சாய்வாகவோ பின்புறமிருந்தோ பார்க்க வழியே இல்லை. இரண்டு ஓவியரும் இந்தியாவுக்கு வந்ததில்லை. மாலுமிகள், பொறியாளர்கள் எழுதியனுப்பிய குறிப்புப்படங்களே அவர்களுக்குக் கண். அப்படியானால் அந்தக் குறிப்புப்படங்கள் 1732க்கும் முந்தியவை. ஆக, நம் நாட்காட்டிப் படத்தின் வம்சாவளி இப்படி ஓடுகிறது: 1720களிலோ அதற்கும் முன்போ கப்பல் தளத்திலிருந்து எழுதிய ஒரு கோட்டுப்படம், 1732இன் எண்ணெய் ஓவியம், 1730களின் செதுக்கல்கள், கடைசியாக 1754இன் தகடு. கோணமும் அமைப்பும் ஊர்களின் தேர்வும் இந்த வழியைத்தான் காட்டுகின்றன. வான் ரைன் வரிசையில் தலைச்சேரி போய்ப் பத்தாவியா வந்திருக்கிறது. மற்ற ஐந்தும் அதே ஐந்து.

சரி, கால் நூற்றாண்டு பழசானால் என்ன குடிமுழுகிவிடும்? கோட்டை கோட்டைதானே என்று கேட்கலாம். வேறு ஊராக இருந்தால் ஒருவேளை சரி. சென்னைக்கு அப்படியில்லை.

1746 செப்டம்பரில் லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையைக் குண்டுவீசிப் பிடித்தது. பிணைப்பணம் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் லபூர்தொனே, கூடாது என்றார் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே. இருவரும் மோதிக்கொண்டிருந்தபோதே அக்டோபர்ப் புயல் வந்து கப்பல்களைச் சிதறடித்தது. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை இந்த நாட்களைப் பற்றித் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதியிருக்கிறார். 1709இல் சென்னைப் பகுதியில் பிறந்தவர் அவர். லண்டனில் வரைந்த ஓவியங்களுக்கு எதிரில் வைத்துப் பார்க்க நமக்குத் தமிழிலேயே ஒரு சமகாலச் சான்று கிடைத்திருப்பது பெரும் பேறு. அவர் எழுத்தில் கோட்டை வெறும் மதிலாக நிற்பதில்லை. வணிகர்களும் சரக்கும் வதந்தியும் அச்சமும் உள்ளே போய் வெளியே வரும் இடம் அது.

மூன்றாண்டு காலம் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஐரோப்பாவில் 1748இல் கையெழுத்தான உடன்படிக்கைப்படி 1749 ஆகஸ்டில்தான் அது ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. அதுவரை கூடலூர் அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைதான் கம்பெனியின் தலைமையிடம். தலைமையிடம் மறுபடி சென்னைக்கு மாறியது 1752இல். வான் ரைன் தகடு விற்பனைக்கு வந்தபோது சென்னை மீண்டும் தலைநகராகி இரண்டே ஆண்டு ஆகியிருந்தது.

திரும்பக் கிடைத்த ஊர் பழைய ஊர் அல்ல. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி நெருக்கமாக இருந்தது கறுப்பர் பட்டணம். நெசவாளர், சாயமிடுவோர், தரகர், துபாஷி, தட்டார், கூலிக்காரர் என்று சென்னை மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்த பகுதி அது. எதிரி வீடுகளில் மறைந்துகொண்டு மதிலை நெருங்கிவிடக் கூடாது என்று கோட்டையை அடுத்திருந்த வீடுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்து வெளியாக்கினார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். 1757 வாக்கில் அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டது. ஊருக்குப் பட்டணம் கோயிலாக இருந்தது அது. மாற்று நிலத்தில், இப்போதைய பூக்கடைப் பகுதியில், மணலி முத்துகிருஷ்ண முதலியார் போன்றோர் முயற்சியால் சென்னகேசவருக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் கோயில்கள் எழுந்தது பிற்கதை. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடி முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் விலகியது. அதற்குப் பின் பழைய கறுப்பர் பட்டணத்தில் மீந்திருந்ததையும் துடைத்தெடுத்தார்கள். அந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் இருக்கிறது. கட்டடம் எழுப்பக் கூடாத எல்லையைக் குறிக்க 1773இல் கல்தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தருகே இன்றும் நிற்கிறது. அதைக் கவனித்துப் பார்ப்பவர் மிகச் சிலர்.

இப்போது ‘1754இல் சென்னை’ என்ற வரியைத் திரும்பப் படியுங்கள். பாதி இடிந்த பட்டணத்தை அருகில் வைத்துக்கொண்டு, மதில்களைத் திருத்திக் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு கோட்டையின் ஆண்டு அது. பீரங்கிக் கணிதத்தில் பேர்பெற்ற பெஞ்சமின் ராபின்ஸை இந்தக் கோட்டைகளைச் சீர்படுத்தவே கம்பெனி அனுப்பிவைத்தது; 1750இல் அவர் வந்து சேர்ந்தார். வந்த மறு ஆண்டே அவர் தேவனாம்பட்டினத்தில் காய்ச்சலில் இறந்தார். படத்தில் இதன் நிழல்கூட இல்லை. அமைதியான, செழிப்பான, யாரும் தொட்டிராத கோட்டைதான் அதில் நிற்கிறது.

படத்துக்குள்ளேயே காலத்தைக் கணிக்கும் தடயங்கள் உண்டா? உண்டு. முதலாவது ஊசிக்கோபுரம். புனித மரியா தேவாலயத்தை ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில் கட்டி 1680 அக்டோபர் 28இல் திறந்தார்கள். குண்டு விழுந்தாலும் தாங்கும் வளைவுக் கூரை அதன் பெருமை. ஆனால் கட்டியபோது அதற்குக் கோபுரம் கிடையாது. மணிக்கூண்டு 1701இலும் அதன்மேல் ஊசி 1710 வாக்கிலும் எழுந்தன. லாலியின் முற்றுகைக் காலத்தோடு அந்த ஊசி போயிற்று. இன்று நாம் காண்பது 1795இல் புதிதாக வைத்தது. ஆக, ஊசியோடு கூடிய காட்சி 1710க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். மாளிகையின் வயதும் இதற்கு ஒத்துப்போகிறது. கோட்டைக்குள் தலைதூக்கி நிற்கும் ஆளுநர் மாளிகை 1690களில் திரும்பக் கட்டப்பட்டது. இன்றைய தலைமைச் செயலகத்தின் நடுப்பகுதி அதன்மேல் வளர்ந்ததுதான்.

இரண்டாவது தடயம் இடமும் வலமும். செப்புத் தகட்டில் போட்ட கோடு தாளில் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழும். கவனமான செதுக்குநர் மூலத்தைத் திருப்பி வைத்துச் செதுக்குவார். அவசரக்காரர் அப்படியே செதுக்கிவிட, ஊரே இடம்வலம் மாறிப்போகும். மலிவுப் பிரதிகளில் இது சாதாரணம். சென்னைக் காட்சியைச் சோதிப்பது சுலபம். கடலிலிருந்து மேற்கே பார்க்கிறோம், எனவே தெற்கு இடக்கைப் பக்கம், வடக்கு வலக்கைப் பக்கம். தேவாலயம் மாளிகைக்குத் தெற்கே இருக்கிறது. ஊசிக்கோபுரம் மாளிகைக்கு இடப்பக்கம் நின்றால் படம் நேரானது. வலப்பக்கம் நின்றால் திருப்பி அச்சானது. உங்கள் வீட்டுச் சுவரில் பிரதி மாட்டியிருந்தால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வில்லியம் கோட்டைக் காட்சிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. கல்கத்தாவின் புனித ஆன் தேவாலயத்து ஊசி 1737 அக்டோபர்ப் புயலில் விழுந்துவிட்டது. லாம்பர்ட்டும் ஸ்காட்டும் வரைந்தது அதற்கு முன்பு. ஆகவே 1737க்குப் பிறகு ஆண்டு பொறித்த ஒரு தாளில் அந்த ஊசி கம்பீரமாக நின்றால், அது நேரில் பார்த்து எழுதியதல்ல, பழைய படத்தைப் பார்த்து எழுதியது என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

மூன்றாவது தடயம், கடல்மட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு எது தெரியாது என்பது. ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1732இல் கடல்வாயிலிலிருந்து உள்ளே போகும் வழியில் பல்லாவரத்துக் கருங்கல்லால் 32 தூண்கள் கொண்ட மண்டபம் கட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் அந்தத் தூண்களையே பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது அவை திரும்பி வந்தன. அவற்றில் பல இன்றும் தலைமைச் செயலகக் கட்டடத்தைத் தாங்குகின்றன. அந்நாளில் கோட்டையின் மிகப் பெருமைக்குரிய கட்டுமானம் இதுதான். மதிலுக்கு உள்ளே இருந்ததால் கடற்காட்சியில் இதற்கு இடமே இல்லை. 1754இல் இந்தத் தூண்கள் புதுச்சேரியில் இருந்தன. மதில் மறைத்தது கம்பெனிக்கு ஒருவகையில் வசதி.

இவ்வளவு சொன்னதால் படத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று பொருளல்ல. பொய் என்று இன்றைய கண்ணுக்குத் தோன்றும் சில விஷயங்கள் அதில் மெய். மதிலடியில் அலை புரளுகிறதே, கோட்டை கடலிலிருந்து அவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று சந்தேகம் வரலாம். பக்கத்தில்தான் இருந்தது. 1876க்குப் பிறகு துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டுத் தென்பக்கம் சேர்ந்தது. கடல் பின்வாங்கியது. இன்று கோட்டைக்கும் அலைக்கும் நடுவில் கிடக்கும் நிலம் அந்த மணல் தந்த கொடை. கோட்டை எவ்வளவு ஈரமான இடத்தில் நின்றது என்பதை இந்தக் காட்சிகள்தான் நமக்கு நினைவூட்டுகின்றன.

துறைமுகம் இல்லாததும் மெய். 1639இல் பிரான்சிஸ் டே இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே கப்பல் ஒதுங்க ஒரு வளைவோ முகத்துவாரமோ கிடையாது. திறந்த கடலில், ஒரு மைலுக்கும் மேல் தள்ளி நங்கூரம் பாய்ச்ச வேண்டும். அங்கிருந்து கரை வரை ஆளும் மூட்டையும் பணப்பெட்டியும் மசூலாப் படகில் வர வேண்டும். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கி மணலில் அடித்தால் இரும்பு ஆணி அடித்த ஐரோப்பியப் படகு பிளந்துபோகும், இது வளைந்து கொடுக்கும். அலை மூன்று வரிசையாக உடையும் நாட்களில் அதுவும் போகாது. கட்டுமரக்காரர்கள் மட்டுமே கடிதத்தைத் தொப்பியில் செருகிக்கொண்டு நீந்தியும் மிதந்தும் கப்பலைச் சேர்வார்கள். கம்பெனியின் சென்னை வியாபாரம் முழுவதும் இந்தப் பட்டினவர், முக்குவர் தோள்களில் நின்றது. காட்சிப் படங்களில் இந்தப் படகுகள் பொடியாக, கப்பலுக்கும் கோட்டைக்கும் நடுவே மிதக்கும் அலங்காரமாகத்தான் வருகின்றன. கப்பலின் கயிறு ஒவ்வொன்றையும் எண்ணி வரைந்தவர்கள், படகோட்டிக்கு ஒரு கோடும் ஒரு புள்ளியும் போதும் என்று விட்டார்கள். ஸ்காட்டின் கண் கப்பற்காரன் கண், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் தொலைவைச் சுருக்கிக் காட்டியதைக் குற்றம் சொல்லலாம். ஒரு மைலுக்கு அப்பால் இருக்க வேண்டிய கோட்டை கூப்பிடு தூரத்தில் வந்து நிற்கிறது. நடுவில் இருந்த அபாயகரமான கடல் அழகான நீர்த்தரை ஆகிவிட்டது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கப்பலேறிய லண்டன்காரர் கரை இறங்கும்போது திடுக்கிட்டிருப்பார்.

சேயர் இந்தப் பழைய காட்சியை 1754இல் ஏன் தூசி தட்டினார்? என் கணிப்பு இது: செய்திக்குப் படம் வேண்டியிருந்தது. ஆற்காட்டு நவாபு பதவிக்காக நடந்த போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மோதிக்கொண்டிருந்தார்கள். 1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் நடந்த சமாதானப் பேச்சு முறிந்தது. ஆகஸ்டில் துய்ப்ளேயைத் திருப்பியழைக்கக் கோதே என்ற பிரெஞ்சு அதிகாரி வந்து இறங்கினார். அதே ஆண்டில்தான் பிரிட்டிஷ் அரசரின் படைப்பிரிவு ஒன்று, 39ஆம் காலாட்படை, முதன்முறையாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. லண்டன் காபிக் கடைகளில் சோழமண்டலக் கரை பேச்சாக இருந்த ஆண்டு அது. ‘இங்கிலாந்துக் கம்பெனிக்குச் சொந்தமான’ என்று தலைப்பில் அழுத்திச் சொன்னதற்கும் அப்போது ஒரு காரம் இருந்தது. எட்டாண்டுக்கு முன் அது சொந்தமாக இருக்கவில்லை என்பது வாங்குபவர் எல்லோருக்கும் தெரியும். கூடவே பிரெஞ்சிலும் தலைப்பு இருந்ததைக் கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டன் பதிப்பாளர்கள் ஐரோப்பா முழுதும் படம் விற்றார்கள், அதற்குத்தான் இரண்டு மொழி.

வாங்கியவர்கள் அதைச் சுவரில் மாட்டியதோடு நிற்கவில்லை. 1740களிலிருந்து லண்டன் வசதிக்காரர் வீடுகளில் ஒரு காட்சிக்கருவி பரவியது. சாய்த்து வைத்த கண்ணாடி ஒன்று, அதன் முன்னால் பெரிய குவிலென்சு ஒன்று. தட்டையான படத்தைக் கண்ணாடியின் அடியில் வைத்து லென்சு வழியாகப் பார்த்தால் காட்சி ஆழம் கொண்டு விரியும். இந்தக் கருவிக்கென்றே நகரக் காட்சிகள் ஆயிரக்கணக்கில் அச்சாயின. பளிச்சென்ற நீல வானமும் முன்னணி, இடைவெளி, பின்னணி என்று மூன்றாகப் பிரிந்த அமைப்பும் அந்த ஆழத்துக்கு உதவுபவை. சேயர் போன்ற கடைக்காரர்கள் இந்தச் சந்தையை நன்றாக அறிந்தவர்கள்.

வண்ணத்தை ஒருபோதும் சான்றாகக் கொள்ளாதீர்கள். கோட்டைக்குச் சுண்ணாம்பு வெள்ளை, கூரைக்குச் செங்காவி, கடலுக்குப் பச்சை என்று தீட்டியவர்கள் லண்டன் கூலியாட்கள். ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் நிறம் மாறும். தாளைச் சான்றாகக் கொள்ளலாம். 1757க்கு முன் ஐரோப்பாவில் அச்சுத்தாள் எல்லாமே கம்பிச்சட்டத்தின் வரிகள் பதிந்தவை, வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகோடாகத் தெரியும். வரியில்லாத வழவழப்புத் தாள் வாட்மன் ஆலையிலிருந்து 1757இல்தான் புத்தக உலகுக்கு வந்தது. ஆகவே வழவழப்புத் தாளில் இருக்கும் வான் ரைன் பிரதி 1754இல் அச்சானதாக இருக்க முடியாது. அப்படியான பிரதிகள் இருக்கவும் கூடும், ஏனென்றால் செப்புத் தகடு சாகாது. சேயர் 1794இல் இறந்ததும் கடை லாரி, விட்டில் என்ற இருவர் கைக்குப் போனது. சேயரின் பழைய தகடுகள் பலவற்றில் அவர்கள் 1794 மே 12 என்று புதுத் தேதி பொறித்து மீண்டும் அச்சிட்டார்கள். தகட்டின் மேல் இருக்கும் தேதியை நம்புவதன் ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

முழுக் கற்பனைப் படங்களையும் பார்த்துவிட்டால் வான் ரைன் எவ்வளவோ நேர்மையானவர் என்று தோன்றும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஹாபர்மன், அமெரிக்க விடுதலைப் போர் நடந்தபோது பாஸ்டனையும் நியூயார்க்கையும் கண்ணால் பாராமலே செதுக்கித் தள்ளினார். அந்தப் படங்களில் தெரிவது ஐரோப்பிய மாளிகைத் தெருக்கள். அதற்கு முன்பு, 1493இன் நூரம்பர்க் வரலாற்று நூலில் ஒரே மரக்கட்டையை டமாஸ்கஸ், பெராரா, மிலான், மாந்துவா என்று நான்கு ஊருக்கும் அச்சடித்தார்கள். சென்னைக் காட்சிக்கு அந்த அவமானம் நேரவில்லை. அதில் ஓர் உண்மையான கோட்டை இருக்கிறது, காலம்தான் வேறு.

காலத்தைவிடப் பெரிய பிரச்சினை அதன் சட்டகம். ஆளுநர் தாமஸ் பிட் உத்தரவின்படி அளந்து 1710 வாக்கில் தயாரான சென்னை வரைபடத்தை இதற்குப் பக்கத்தில் வைத்தால் அது புரியும். அந்த வரைபடத்தின் தலைப்பிலும் கடலிலிருந்து பார்த்த ஒரு கோட்டைக் காட்சி உண்டு. ஆனால் அதன் கீழே ஊர் முழுவதும் தெருத் தெருவாக விரிகிறது. கறுப்பர் பட்டணம், அதன் நடுவில் பெரிய கோயில், சந்தை, தோட்டங்கள், ஆறுகள் எல்லாம் அதில் உண்டு. கோட்டை அந்த ஊரின் ஒரு சிறு மூலை. அந்த அளவுக்குக் கம்பெனிக்குத் தன் ஊரைத் தெரிந்தே இருந்தது. வரி வாங்கவும் காவல் வைக்கவும் வரைபடம் வேண்டும். இயக்குநர் மண்டபத்துக்கும் லண்டன் வரவேற்பறைக்கும் காட்சி வேண்டும். ஒன்றில் மக்கள் தெருக்களாக இருக்கிறார்கள், மற்றதில் அவர்களுக்கு இடமில்லை. காட்சியில் ஊரின் மையம் கொடிமரம், கறுப்பர் பட்டணம் வடக்கே ஓரத்துக்கு ஒதுங்கிய பின்புலம். வான் ரைனின் தகடு 1746க்கு முந்தைய ஊரைக் காட்டினாலும், இடிபட்ட கறுப்பர் பட்டணத்தை அதில் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

நேரில் வந்து வரைந்தவர்கள் இந்தச் சட்டகத்தை மாற்றினார்கள். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792, 1793 ஆண்டுகளில் தென்னாட்டில் சுற்றினார்கள். 1797இல் அவர்கள் வெளியிட்ட சென்னைக் காட்சிகளில் கோட்டைக்கு நிகராக அலையும் படகும் ஆளும் வருகின்றன. கறுப்பர் பட்டணத்துக்கென்றே தனியாக ஒரு தாள் இருக்கிறது, அது 1759க்குப் பிறகு இடம் மாறிய புதிய பட்டணம். டேனியல்களும் கம்பெனி வாடிக்கையாளருக்காக வரைந்தவர்கள்தாம், ஆனால் அவர்கள் கரையில் கால் வைத்தவர்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

ஆகவே அச்சிடுவோருக்கும் கண்காட்சி வைப்போருக்கும் ஒரு வேண்டுகோள். வான் ரைன் படத்தைத் தாராளமாகப் போடுங்கள், அழகான படம் அது. அடியில் மட்டும் இப்படி எழுதுங்கள்: ‘1746க்கு முந்தைய புனித ஜார்ஜ் கோட்டை, 1730களின் ஓவியத்தைத் தழுவியது, லண்டனில் 1754இல் அச்சிடப்பட்டது.’ உங்களிடம் இருப்பது மூலப் பிரதியாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துத் தாளையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பக்கத்தில் இடமிருந்தால் தாமஸ் பிட் காலத்து வரைபடத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். மக்கள் குடியிருந்த சென்னை அந்தத் தாளில்தான் இருக்கிறது.